கினிக்கோழியின் நிறமும் மனிதனின் தெரிவும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில், லக்கலைப் பகுதியைச் சேர்ந்த பல்லேகம என்னும் ஊர் இருக்கிறது. மலையினின்று இறங்கிவரும் களுகங்கையின் அருகே வயலும் சேனையும் வீட்டுத்தோட்டமுமாக நெடுங்காலம் விளங்கிய பழைய ஊர், அக்கங்கைக்குக் குறுக்கே அணை எழுந்தபின் நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. மக்கள் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். 2018ஆம் ஆண்டளவில் புதிய நகரும் உருவாயிற்று. ஊர் இடம் மாறியபோதும் காடு இடம் மாறவில்லை. வீட்டு வேலிக்கு அப்பால் இன்றும் காடே தொடங்குகின்றது.

அக்காட்டிலே இலங்கைக் காட்டுக்கோழி வாழ்கின்றது. இத்தீவின் தேசியப் பறவை அது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. சேவலின் கழுத்தும் முதுகும் செம்பொன் நிறம். சிறகும் வாலும் கருநீலம். சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் நிறத் திட்டு ஒன்று உண்டு. பேடோ கபில நிறத்தது. உலர்ந்த சருகின்மேல் அது முட்டைகளை அடைகாத்து அமர்ந்திருக்கும்போது, பத்தடி தூரத்தில் நடப்பவனுக்கும் கண்ணிற் படாது. சேவலின் நிறம் துணையை அழைக்கின்றது. பேட்டின் நிறம் பகையினின்று காக்கின்றது. காட்டிலே நிறம் என்பது உயிரோடு தொடர்புடைய காரியம்.

வேலிக்கு இப்பாலுள்ள முற்றத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. அங்கே மேயும் வீட்டுக்கோழிகளில் வெள்ளை உண்டு, கறுப்பு உண்டு, சிவப்பு உண்டு, புள்ளி உண்டு. இவ்வளவு நிறங்களும் எங்கிருந்து வந்தன? மனிதன் அவற்றைப் படைத்தானா, அல்லது முன்னரே இருந்தவற்றைத் தேர்ந்தெடுத்தானா? இவ்வினாவுக்கு விடைகாண வீட்டுக்கோழியின் வரலாறு மிகச் சிக்கலானது. பல்லாயிரம் ஆண்டுகளும் பல தேசங்களும் அதிலே கலந்துள்ளன. கினிக்கோழியின் வரலாறு அத்துணைச் சிக்கலானதன்று. அதன் நிறங்கள் சில. அவை தோன்றிய வழியும் ஓரளவு தெளிவானது. ஆதலால் அப்பறவையின் கதையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது எளிதாகும்.

கினிக்கோழி ஆபிரிக்காக் கண்டத்துப் பறவை. சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள புல்வெளிகளிலும் முட்புதர்க் காடுகளிலும் அது கூட்டங் கூட்டமாகத் திரிகின்றது. தலையிலே இறகில்லை, உச்சியில் தலைச்சீராப்போல எலும்பாலான ஒரு மேடு உண்டு, அலகின் இருபுறமும் தாடி தொங்கும். உடலெங்கும் கருஞ்சாம்பல் நிற இறகு. ஒவ்வோர் இறகிலும் வரிசையாக வெண்புள்ளிகள். கரிய பட்டின்மேல் முத்துக்களைக் கோத்து வைத்தாற்போன்ற இத்தோற்றத்தாலேயே இந்நிறம் முத்து நிறம் எனப் பெயர் பெற்றது. காணும் கண்ணுக்கு இது ஆடம்பரம். ஆயினும் வெயிலும் நிழலும் துண்டு துண்டாக விழுகின்ற புதரடியிலே, புள்ளியிட்ட இவ்வுடல் நிலத்தோடு நிலமாக மறைந்துவிடும். இலங்கைக் காட்டுக்கோழிப் பேட்டுக்குக் கபில நிறம் எத்தகைய காப்போ, கினிக்கோழிக்கு முத்துப்புள்ளி அத்தகைய காப்பாகும்.

பழைய எகிப்தியர் இப்பறவையை நன்கறிந்திருந்தனர். அவர்களுடைய சித்திர எழுத்துக்களில் ஒன்று கினிக்கோழியின் உருவமே. கிரேக்கர் இதனை மெலியாக்ரிஸ் என்றழைத்தனர். அப்பெயருக்கு ஒரு புராணக் கதை உண்டு. மெலியாகர் என்னும் வீரன் இறந்தபோது அவன் சகோதரிகள் ஆறாது அழுதனர் என்றும், ஆர்ட்டெமிஸ் என்னும் தெய்வம் அவர்களைப் பறவைகளாக மாற்றிற்று என்றும், அவர்களது கண்ணீர்த் துளிகளே இறகின் புள்ளிகளாயின என்றும் கதை கூறும். லெரோஸ் என்னும் தீவிலே அத்தெய்வத்தின் கோயிலைச் சார்ந்து இப்பறவைகள் பேணப்பட்டன என்று பழைய ஆசிரியர் எழுதியிருக்கின்றனர். இறகின் நிறத்துக்கு மனிதன் தேடிய முதற் காரணம் புராணமாக இருந்தது. அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னரே விஞ்ஞானக் காரணம் கிடைத்தது.

உரோமர் இதனை ஆபிரிக்கக் கோழி என்றனர். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய வாரோ என்பார், இப்பறவை பெரியது, புள்ளியுடையது, முதுகு கூனியது எனக் குறித்து, அருமை காரணமாக இதன் விலை உயர்ந்திருந்ததையும் கூறியுள்ளார். அவருக்குப் பின் கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா, செந்தாடியுடைய பறவையையும் நீலத்தாடியுடைய பறவையையும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டினார். ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் கினிக்கோழிக்குத் தாடி சிவப்பு. கிழக்குப் பகுதியில் வாழ்வதற்கு நீலம். இரு திசைகளிலிருந்தும் பறவைகள் உரோமாபுரிக்கு வந்தன என்று கொள்ள இக்குறிப்பு இடந்தருகின்றது. உரோமர் வளர்த்த கினிக்கோழிகள் அனைத்தும் காட்டுப் பறவையின் முத்து நிறத்தையே தாங்கியிருந்தன என்று அவர்களுடைய வருணனைகளாற் கருதலாம். நிறத்துக்காக இனம் பெருக்கும் எண்ணம் அக்காலத்தில் எழவில்லை, விருந்துக்காக வளர்த்தனர்.

உரோமப் பேரரசு வீழ்ந்தபின் ஐரோப்பாவில் இப்பறவையின் வளர்ப்பு ஏறத்தாழ அற்றுப்போயிற்று. பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயர் மேற்கு ஆபிரிக்கக் கரையோரமாகக் கப்பல் ஓட்டினர். கினி எனப்பட்ட அக்கரையிலிருந்தே இப்பறவை மறுபடியும் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கினிக்கோழி என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. இத்தாலியரோ எகிப்தின் பழைய மன்னரை நினைந்து இதனைப் பாரவோனின் கோழி என்று இன்றும் அழைக்கின்றனர். இன்று உலகெங்கும் பண்ணைகளில் வளரும் கினிக்கோழி, செந்தாடியுடைய மேற்கு ஆபிரிக்கப் பறவையின் வழியில் வந்ததாகும்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் மெக்சிக்கோ நாட்டிலிருந்து வான்கோழியும் ஐரோப்பாவை அடைந்தது. புதிய பறவைகள் இரண்டு ஒரே காலத்தில் வந்தமையால் மக்கள் ஒன்றை மற்றொன்றாக மயங்கினர். அம்மயக்கத்தின் சுவடு விஞ்ஞானப் பெயரிலும் நிலைத்துவிட்டது. சுவீடன் நாட்டு இலின்னேயசு 1758ஆம் ஆண்டில் உயிரினங்களுக்குப் பெயரிட்டபோது, கிரேக்கர் கினிக்கோழிக்கு வழங்கிய மெலியாக்ரிஸ் என்னும் பெயரை அமெரிக்க வான்கோழியின் பேரினத்துக்குச் சூட்டினார். கினிக்கோழிக்கு இன்று நுமிடா மெலியாக்ரிஸ் என்பது பெயர். நுமிடியா என்பது வட ஆபிரிக்காவின் பழைய நாடுகளுள் ஒன்று. இவ்வாறு கடல் வாணிபம் பறவைகளை நாடுவிட்டு நாடு பெயர்த்தது. 1612ஆம் ஆண்டில் கோவாத் துறைமுகத்திலிருந்து முகலாயப் பேரரசன் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வான்கோழி கொண்டுசெல்லப்பட்டதும், அவன் வியந்து தன் ஓவியன் மன்சூரைக் கொண்டு அதனை வரைவித்ததும் வரலாறு. அந்நியப் பறவையின் நிறம் அரசரையும் கவர்ந்தது என்பதற்கு அது சான்று.

கினிக்கோழி மேற்கே மற்றொரு பயணத்தையும் மேற்கொண்டது. ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல்களின் வழியே அதுவும் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தது. யமெய்க்காவிலும் சான் டொமிங்கோவிலும் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்து தானே வாழத் தலைப்பட்டது. தோட்டங்களினின்று தப்பி மலைகளில் ஒளிந்து வாழ்ந்த அடிமைகளுக்கு, பிடிபடாது ஓடும் அப்பறவை ஓர் அடையாளமாயிற்று. எயிற்றி நாட்டு மக்கள் அந்நினைவை இன்றும் போற்றுகின்றனர்.

இப்பயணத்தின் விளைவை ஊன்றி நோக்கியவர் சாள்ஸ் டார்வின். வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் மாறுபடும் முறையைப் பற்றி அவர் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் கினிக்கோழிக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. புறாவும் வீட்டுக்கோழியும் மனிதன் கையிலே எத்தனையோ வடிவம் எடுத்திருக்க, கினிக்கோழி இறகின் நிறம் வெளிறுவதும் கருமையாவதும் தவிர வேறு மாறுதல் ஏறத்தாழ அடையவில்லை என்பதை அவர் எடுத்துக் காட்டினார். ஐரோப்பாவிலும் பார்க்க மேற்கிந்தியத் தீவுகளிலே நிற வேறுபாடு மிகுதி என்பதும் அவருக்கு வியப்பளித்தது. காட்டுக்குத் திரும்பிய பறவைகள் எல்லா வகையாலும் முன்னோரைப் போலாகிவிடும் என்ற பொதுக் கருத்தையும் அவர் மறுத்தார். யமெய்க்காவில் காட்டுக்குச் சென்ற கினிக்கோழி உருவிற் சிறுத்தது, காலும் கறுத்தது என்பது அவர் காட்டிய சான்று.

அந்நூலிலே இலங்கைக்கும் இடமுண்டு. வீட்டுக்கோழியின் முன்னோர் எது என்று ஆராய்ந்த டார்வின், இத்தீவின் காட்டுக்கோழியையும் கருத்திற் கொண்டார். கொழும்பிலே பிறந்த மருத்துவர் எட்வேட் பிரெட்ரிக் கேலாட், இங்கு பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்த எட்கர் லேயாட் ஆகிய இருவருடைய அவதானங்களும் அவருக்கு உதவின. கொண்டையின் நிறத்தாலும் குரலாலும் இலங்கைக் காட்டுக்கோழி வேறுபட்டதென்று அவர் எழுதினார். அது தனித்த பண்ணைகளுக்கு வந்து வீட்டுக்கோழியோடு எளிதிற் கூடும் என்பதையும், அவ்வாறு பிறந்த ஒரு சேவலும் ஒரு பேடும் மலடாயிருந்தன என்பதையும் குறித்தார். பல்லேகமவைப் போன்ற காடோரக் கிராமங்களில் நிகழக்கூடிய ஒரு செய்தி உலகப் புகழ் பெற்ற நூலில் ஏறியது இவ்வாறே.

மாறுபாடு உண்டு என்பதை டார்வின் கண்டார். மறைந்த நிறம் மீண்டும் தோன்றும் முறையை விளக்கும் விதியை அவர் அறியவில்லை. அவ்விதியைக் கிரெகோர் மெண்டல் என்னும் துறவி 1865ஆம் ஆண்டிலேயே பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்டறிந்து கூறியிருந்தார். உலகம் அதனை 1900ஆம் ஆண்டிலேதான் உணர்ந்தது. அதன்பின் இரண்டே ஆண்டுகளில், 1902இல், கேம்பிரிட்ச் அறிஞர் வில்லியம் பேற்சன் கோழியின் கொண்டை வடிவங்களை ஆராய்ந்து, மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என நிறுவினார். பறவை வளர்ப்பு அன்றுமுதல் ஊகத்தை விட்டுக் கணக்கைப் பற்றிற்று எனலாம். கினிக்கோழியை இவ்வழியில் ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் இத்தாலியின் பொலோனியா நகரத்து விலங்கியலறிஞர் அலெஸ்ஸாந்த்ரோ கீகி (1875–1970). வெவ்வேறு நிறக் கினிக்கோழிகளைக் கூட்டி, பிறந்த குஞ்சுகளின் நிறத்தை ஆண்டுதோறும் பதிந்து, கினிக்கோழியையும் வான்கோழியையும் பற்றி 1936ஆம் ஆண்டில் ஒரு நூலையும் அவர் வெளியிட்டார்.

நிறத்துக்காகக் கினிக்கோழியைப் பெருக்கும் முறை யாதென்பதை இனி நோக்கலாம். முத்து நிறத்துக்கு அடுத்தபடியாக யாவரும் விரும்புவது நீலச்சாம்பல் நிறம். அதில் வெண்புள்ளிகள் அப்படியே இருக்கும். கருமை மாத்திரம் மெலிந்து, மழைமேகம் வெளுத்தாற்போலத் தோன்றும். தூய முத்து நிறப் பறவை ஒன்றையும் நீலச்சாம்பல் நிறப் பறவை ஒன்றையும் கூட்டினால், பிறக்கும் குஞ்சுகள் யாவும் முத்து நிறமாகவே இருக்கும். விதியறியாதவன் நீலச்சாம்பல் அழிந்துபோயிற்று என்று எண்ணி மனம் சோர்வான். அது அழியவில்லை, மறைந்திருக்கின்றது. அக்குஞ்சுகள் வளர்ந்து, அதே வகையில் பிறந்த பறவைகளோடு கூடினால், பதினாறு குஞ்சுகளில் சராசரி நான்கு நீலச்சாம்பலாகப் பிறக்கும். எஞ்சிய பன்னிரண்டும் பார்வைக்கு முத்து நிறமே. எனினும் அவற்றுள் நான்கு மட்டுமே தூயவை; எட்டு, நீலச்சாம்பலை உள்ளே மறைத்து வைத்திருப்பவை.

தூயதையும் மறைத்து வைத்திருப்பதையும் கண்ணாற் பிரித்தறிய இயலாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. ஐயத்துக்குரிய முத்து நிறப் பறவையை நீலச்சாம்பல் நிறப் பறவையோடு கூட்டவேண்டும். ஒரு குஞ்சேனும் நீலச்சாம்பலாகப் பிறந்தால், அம்முத்து நிறப் பறவை மறைநிறம் தாங்கியது என்பது உறுதி. தொடர்ந்து பத்துக் குஞ்சுகள் முத்து நிறமாகவே பிறந்தால், அது தூயதென்று கொள்ளலாம். மறைநிறம் தாங்கிய பறவைக்கு அவ்வாறு பத்தும் முத்து நிறமாகப் பிறக்கும் வாய்ப்பு 1,024இல் ஒன்றே. நீலச்சாம்பலை நீலச்சாம்பலோடு கூட்டினால் குஞ்சுகள் யாவும் நீலச்சாம்பலே. ஆகவே அந்நிறத்தைத் தூயதாகப் பேணுவது எளிது. முத்து நிறத்தைத் தூயதாகப் பேணுவதே கடினம். வெள்ளைக் கினிக்கோழியின் போக்கு இதனின்று சிறிது வேறுபட்டது. வெள்ளையும் முத்து நிறமும் கலக்கும்போது மார்பிலும் சிறகிலும் வெண்திட்டுடைய பறவைகள் பிறப்பதுண்டு.

கருமை மெலிவதற்குக் காரணம் யாது? வீட்டுக்கோழியிலே இத்தகைய நீலச்சாம்பல் நிறத்துக்குக் காரணமான பரம்பரையலகு 2008ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. நிறப்பொருள் குறைவதால் அந்நிறம் உண்டாகவில்லை. கலத்துள் உண்டாகும் கரிய நிறமணிகளை உரிய இடத்துக்கு எடுத்துச் செல்லும் வேலை தடைப்படுவதால், அவை இறகிலே சீராகப் பரவாமல் திரண்டு கிடக்கின்றன. ஆதலால் இறகு வெளிறித் தோன்றுகின்றது. எலியிலும் பூனையிலும் நாயிலும் இதே பரம்பரையலகு பழுதுறும்போது சாம்பல் நிறமே தோன்றுகின்றது. மெலியாகரின் சகோதரிகள் சிந்திய கண்ணீர் என்று கிரேக்கர் சொன்ன கதையின் இடத்தில், நுண்ணிய மணிகளின் ஓட்டமும் தடையும் என்ற விளக்கம் வந்துவிட்டது.

இவ்வறிவை ஏழைக் குடியானவனின் முற்றத்துக்குக் கொண்டுவந்த ஒரு முயற்சி அண்டை நாடாகிய இந்தியாவிலே நிகழ்ந்தது. உத்தரப் பிரதேசத்துப் பரேலி நகரை அடுத்த இசத்நகரில் 1979ஆம் ஆண்டில் மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. அங்குள்ள அறிஞர் கினிக்கோழியில் மூன்று வகைகளைத் தேர்ந்து உருவாக்கினர். முத்து நிறத்ததற்குக் காதம்பரி என்றும், நீலச்சாம்பல் நிறத்ததற்குச் சிதம்பரி என்றும், வெண்ணிறத்ததற்கு சுவேதாம்பரி என்றும் பெயரிட்டனர். சுவேதாம்பரி என்பதற்கு வெண்ணிற ஆடை அணிந்தவள் என்பது பொருள். காதம்பரி என்பது பாணபட்டர் இயற்றிய வடமொழிக் காவியத்தின் தலைவி பெயர். மூன்றும் ஒலியால் ஒத்து, மூன்று சகோதரிகளின் பெயர்போல அமைந்துள்ளன.

இம்மூன்றும் வெறும் அழகுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. விலையுயர்ந்த கூடோ தீவனமோ தர இயலாத சிறு வளர்ப்போனுக்குப் பயன்படுவதே நோக்கம். கினிக்கோழி திறந்தவெளியில் மேய்ந்து பூச்சியையும் விதையையும் தின்று வாழும். வீட்டுக்கோழியைத் தாக்கும் பல நோய்களை எதிர்த்து நிற்கும். பூஞ்சணம் பிடித்த தீனியின் நஞ்சையும் ஓரளவு தாங்கும். பன்னிரண்டு வாரத்தில் ஒரு கிலோகிராம் அளவுக்கு நிறைபெறும். வடஇந்தியச் சூழலில் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள பருவத்தில் நூறு முதல் நூற்றிருபது முட்டை இடும். முட்டை சிறியதாயினும் அதன் ஓடு தடித்தது. ஆதலால் எளிதில் உடையாது, நாள்பட இருந்தாலும் விரைவிற் கெடாது. நிறமோ ஓர் அடையாளமாகின்றது. கிராமத்துப் பெண்மணி ஒருத்தி ஏட்டைப் பாராமலே தன் முற்றத்துப் பறவை எவ்வகை என்று அறிகின்றாள். குஞ்சு பொரித்த அன்றே கோடிட்ட கபிலமா, வெளிர்சாம்பலா, மஞ்சள் கலந்த வெண்மையா என்று கண்டு, கலப்பு நேர்ந்ததையும் உணர்ந்துகொள்ள இயலும்.

ஆயினும் தெரிவு என்பது விலையின்றிக் கிடைப்பதன்று. நிறம் ஒன்றையே விரும்பி, அதே குடும்பத்துப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிவந்தால், மறைந்திருக்கும் தீய இயல்புகளும் வெளிப்படும், முட்டைகள் கருக்கொள்ளா, குஞ்சுகள் நலிவுறும். நீலச்சாம்பலை வெளிக்கொணர்ந்த அதே விதியே நலிவையும் வெளிக்கொணர்கின்றது. இதனைத் தடுக்க, வேற்றுக் குடும்பத்துச் சேவலை இடையிடையே சேர்க்கவேண்டும். அப்போது நிறம் ஒரு தலைமுறைக்கு மறைந்தாலும் பொறுத்திருக்க வேண்டும். பொறுமையற்றவன் நிறத்தைப் பெற்று மந்தையை இழப்பான்.

இன்னும் ஒரு தொல்லை உண்டு. கினிக்கோழியில் ஆணும் பெண்ணும் தோற்றத்தால் ஏறத்தாழ ஒன்றே. இரட்டை ஒலியாகக் கூவுவது பேடு மட்டுமே. ஆண் ஒற்றையொலியே எழுப்பும். எனவே இணை சேர்ப்பவன் கண்ணை நம்பாது காதை நம்பவேண்டும். முட்டை பொரிக்க இருபத்தாறு முதல் இருபத்தெட்டு நாள் ஆகும். வீட்டுக்கோழிக்கு இருபத்தொரு நாளே. வீட்டுக்கோழியின் கீழ் வைத்து அடைகாக்கச் செய்பவர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் வேண்டும். பொரித்த குஞ்சுகள் ஈரம் பொறுக்கமாட்டா. பனியில் நனைந்த புல்லும் அவற்றுக்குக் கூற்றுவனாகும். வளர்ந்தபின் எதனையும் தாங்கும் பறவை, முதற் சில வாரங்களில் இவ்வளவு மென்மையாயிருப்பது வியப்பே.

இவற்றோடு பல்லேகம போன்ற காடோரச் சிற்றூருக்கு வேறொரு கேள்வியும் எழுகின்றது. அங்கே வானில் பருந்தும் வல்லூறும் வட்டமிடும். இரவில் மரநாயும் நரியும் உலாவும். வெண்ணிறப் பறவை தொலைவிலிருந்தே தெரியும். வேலியும் கூரையும் உள்ள பண்ணையில் சுவேதாம்பரி செழிக்கலாம். காடோரத்திலே திறந்து மேயும் மந்தைக்கு அந்நிறம் ஆபத்தாகலாம். ஆபிரிக்கப் புல்வெளியிலே எண்ணற்ற தலைமுறைகளாக வெண்ணிறப் பறவைகளைப் பகைவிலங்குகள் முதலிற் கொன்று தின்றன. அதனால் முத்து நிறமே நிலைத்தது. மனிதன் காவல் தந்தான், வெண்மை பிழைத்தது. எனவே காவல் இல்லாத இடத்தில் வெண்மையை வளர்க்க முயல்வது, காவலின்றியே காவலின் பயனை எதிர்பார்ப்பதாகும். இவ்வூருக்கு ஏற்றது முத்து நிறமே. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து நிலம் உலர்ந்தபின் குஞ்சு பொரிக்கச் செய்வதும் இங்கு பொருத்தமாகும்.

காட்டுக்கோழியின் பொருட்டும் இது சிந்திக்கத்தக்கது. கினிக்கோழி கோழிக் குடும்பத்துக்குத் தூரத்து உறவே. அதற்கும் வீட்டுக்கோழிக்கும் அரிதாகப் பிறக்கும் கலப்புக்கள் மலடானவை. ஆதலால் அது காட்டுக்கோழியின் இரத்தத்தைக் கெடுக்கும் என்று அஞ்சவேண்டியதில்லை. வீட்டுக்கோழியின் நிலை அப்படியன்று. இலங்கையிலிருந்து டார்வினுக்குக் கிடைத்த செய்தியில் கலப்புப் பறவைகள் இரண்டும் மலடு. ஆனால் அது முழுக் கதையன்று. கோழியினங்களின் மரபணுக்களை ஒப்புநோக்கி 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள், வெவ்வேறு காட்டுக்கோழி இனங்களுக்கும் வீட்டுக்கோழிக்குமிடையே கலப்பு நிகழ்ந்திருப்பதைக் காட்டியுள்ளன. வீட்டுக்கோழியின் மஞ்சட்காலுக்குரிய இயல்பு தென்னிந்தியாவின் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்பது 2008ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. முற்றத்துக் கோழியின் காலிலே காட்டின் நிறம் இருக்கின்றது என்றால், காட்டுக்கோழியின் உடலிலும் முற்றத்தின் நிறம் புகுதல் கூடும். வேலி இருபுறமும் திறந்தது.

ஒரு காலத்தில் மனிதன் இறகின் நிறத்தை அடையக் காட்டுப்பறவையைக் கொன்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காக இலட்சக்கணக்கான பறவைகள் மடிந்தன. அதனைத் தடுக்கவே 1902ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து காட்டுப்பறவையின் இறகை ஏற்றுமதி செய்வது தடைசெய்யப்பட்டது. கொன்று பெறுவதிலும் வளர்த்துப் பெறுவது மேலானது என்பதில் ஐயமில்லை. கினிக்கோழியின் இறகு கூட்டிலே உதிர்ந்து கிடைக்கின்றது. அதற்காக எந்தக் காடும் வெறுமையாவதில்லை.

ஆகவே தொடக்கத்திலே எழுந்த வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. மனிதன் நிறத்தைப் படைக்கவில்லை. மறைந்து கிடந்ததை வெளிக்கொணர்ந்தான். இயற்கை அழித்திருக்கக் கூடியதைக் காவலிட்டுக் காத்தான். காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என்னும் மூன்றும் அப்புல்வெளிப் பறவையின் இறகினுள்ளே முன்னரே அடங்கியிருந்தவை. தெரிந்தெடுத்தவனுக்கே அவற்றைக் காக்கும் கடமையும் உரியது. முத்து நிறம் முற்றிலும் அழிந்து வெண்மை மட்டும் எஞ்சுமாயின், இழந்ததை மீளப் பெற வழியிராது. விதையிற் பழைய நெல்லினங்களைப் பேணும் உழவன் போல, புதிய நிறத்தை விரும்புவோன் பழைய நிறத்தையும் ஒரு மூலையிலே காத்துவைத்தல் வேண்டும்.

பல்லேகமவின் மக்கள் தம் பழைய ஊரை நீருக்குக் கொடுத்தவர்கள். கையிலிருப்பதைக் காப்பதன் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. முற்றத்திலே முத்துப்புள்ளிக் கோழி மேய, வேலிக்கப்பால் மஞ்சள் திட்டுக் கொண்டைச் சேவல் கூவ, இரண்டும் தத்தம் நிறத்தோடு நெடுங்காலம் வாழ்தல் வேண்டும். அதற்கு வேண்டுவது சிறிது அறிவும் மிகுந்த பொறுமையுமே.